காய்ச்சல் எத்தனையாவது நாள்? லண்டனிலிருந்து கொழும்பு வார்டுக்கு வந்த தங்கச்சிக்கு

கேள்வி:

வணக்கம் டொக்டர். எனக்கு இருபத்தேழு வயது. அம்மா, அப்பாவுக்கு வடமராட்சிப் பக்கம். நான் பிறந்து வளர்ந்து மருத்துவம் படித்தது எல்லாம் லண்டனில். அங்கே கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு, இப்போது கொழும்பில் ஓர் அரச வைத்தியசாலையின் மருத்துவ வார்டில் ஒரு வருடத்துக்கு வந்திருக்கிறேன். வெப்பவலய நோய்களைப் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் வந்தேன். ஆனால் வார்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், எனக்கு எல்லாக் காய்ச்சலும் ஒரே மாதிரித் தெரிகிறது. என்னைவிட இளைய ஹவுஸ் ஒபிசர்கள், பயிற்சியில் இருக்கும் டொக்டர்கள், கட்டிலடியில் நின்றபடியே "இது டெங்கு மாதிரி இல்லை" என்கிறார்கள். இரவில் தடித்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு படிக்கிறேன், காலையில் அது உதவுவதில்லை. சிங்களம் தெரியாது. தமிழும் வீட்டில் கதைக்கும் தமிழ்தான். முதலில் லிவர்பூலிலோ லண்டனிலோ வெப்பவலய மருத்துவ டிப்ளோமா முடித்துவிட்டு வந்திருக்க வேண்டுமோ? இந்த ஏழை நோயாளிகளை என் படிப்புக்குப் பயன்படுத்துகிறேனோ என்றும் மனம் உறுத்துகிறது. அம்மா ஒவ்வொரு நாளும் போன் எடுத்து நுளம்பு கடித்ததா என்று கேட்கிறா. அவவுக்கு என்ன சொல்வது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதல் மூன்று நாளில் காய்ச்சல்கள் உண்மையாகவே ஒரே மாதிரித்தான் இருக்கும். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபஸ், டைஃபொயிட், பெயரில்லாமல் வந்து போகும் வைரஸ் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் தலையிடி, உடம்பு உளைவு, சத்தி, சாப்பாட்டில் மனமில்லாமை. ஆயுள் முழுக்க வார்டில் நின்றவருக்கும் இரண்டாம் நாள் நோயாளியைப் பார்த்த உடனே அடித்துப் பெயர் சொல்ல முடியாது. உங்கள் ஹவுஸ் ஒபிசர்கள் கட்டிலடிக்கு வருமுன்பே மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்திருப்பார்கள்: இன்று காய்ச்சல் எத்தனையாவது நாள், ஆள் எந்த ஊர், என்ன வேலை. நீங்கள் படிக்கும் புத்தகம் கிருமி வாரியாக அத்தியாயம் பிரித்திருக்கிறது. நோயாளி நாளோடும் ஊரோடும் வேலையோடும் வருகிறார். அதனால்தான் இரவுப் படிப்பு காலையில் கைகொடுப்பதில்லை. புத்தகத்தை மூடச் சொல்லவில்லை. பகலில் பார்த்த ஆளை மனதில் வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்கான பக்கத்தை மட்டும் இரவில் படியுங்கள்.

முதல் இரண்டு மாதம் டெங்குவை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அபூர்வமான நோய்களைத் தேடி வந்தவருக்கு இது சப்பென்று இருக்கலாம். ஆனால் கொழும்பில் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான், இதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் உலகத்தில் அதிகம் இல்லை. 2017ஆம் ஆண்டு இந்தத் தீவில் பதிவான டெங்கு நோயாளிகள் 186,101 பேர். இறந்தவர்கள் 440 பேர். ஒவ்வோர் இறப்பும் ஒரு குடும்பத்தின் இடி, அதில் சந்தேகமில்லை. ஆனால் நூற்றுக்கு ஒருவர் என்று போயிருந்தால்கூட அந்தத் தொகை 1,800ஐத் தாண்டியிருக்கும். டெங்குவைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வார்டில் கட்டில் போதாமல் ஆட்கள் நிலத்தில் படுத்திருந்த அந்த மாதங்களில் உயிரைப் பிடித்து வைத்தவை தாதியர் மணிக்கு மணி எழுதிய காகிதங்கள்.

ஆகவே ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாம் நாள் டெங்குவில் இருக்கும் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். கொன்சல்டன்டிடம் கேட்டு, அவருடைய கட்டிலருகே ஓர் இரவும் ஒரு பகலும் இருங்கள். அவர் காய்ச்சல் விட்டு உட்கார்ந்திருப்பார். "டொக்டர், இப்ப சுகம், வீட்டை போகலாமா?" என்று கேட்பார். லண்டனில் காய்ச்சல் இறங்கினால் நாம் சந்தோஷப்படுவோம். இங்கே அந்த நேரத்தில்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கி, பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எடுக்கும் பங்கு, மெல்ல ஏறத் தொடங்கினால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கிவிட்டது என்று எடுக்க வேண்டும். ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கும், வலப்பக்க நுரையீரலின் அடியில் கொஞ்சம் நீர் தெரியும். இந்தக் கசிவு பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலம். அதைக் கடத்திவிட்டால் ஆள் பிழைத்தார்.

அந்த நேரத்தில் பிரஷர் பாருங்கள். 100க்கு 80 என்று வரும். மேல் எண் 100 இருக்கிறதே என்று லண்டன் கண் நிம்மதி அடையும். இரண்டுக்கும் இடையில் இருப்பது 20தான். அது அதிர்ச்சி நிலையின் வாசல். உடனே கையைத் தொட்டுப் பாருங்கள், பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் எடுக்கிறதா? ஆள் அப்போதும் உங்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டுதான் இருப்பார். இளம் வயதினர் கடைசி வரைக்கும் தெளிவாகக் கதைப்பார்கள். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. இந்த ஒன்றை உங்கள் விரல்கள் கற்றுக்கொண்டால் நீங்கள் வந்த ஒரு வருடத்துக்கு அது போதும் என்றுகூடச் சொல்வேன்.

பிறகு நீர்க் கணக்கு. பெரியவருக்கு 50 கிலோவுக்கு மேல் எவ்வளவு எடை இருந்தாலும் 50 கிலோ என்றே எடுப்போம். ஒரு நாளைய தேவை 2,100 மில்லிலீற்றர், உடல் எடையில் ஐந்து வீதம் 2,500 மில்லிலீற்றர், இரண்டும் சேர்த்து 4,600. கசிவு நேரம் முழுவதற்கும் இவ்வளவுதான். இதில் சேலைனும் அடக்கம், வாயால் குடித்த கஞ்சி, இளநீர், ஜீவனியும் அடக்கம். தொடக்கத்தில் மெதுவாக, கசிவு உச்சத்தில் கூட்டி, முடிவில் குறைத்துக் கொடுக்க வேண்டும். எதை வைத்துக் கூட்டுவது, குறைப்பது? சிறுநீரை வைத்து. கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலீற்றர் போனால் போதும், ஒன்றைத் தாண்டிப் போனால் நாம் அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். இங்கே பலர் நினைப்பதற்கு மாறாக, டெங்குவில் நீர் கூடிப்போவதும் ஆபத்து. கசிவு நின்ற பிறகு, கசிந்த நீர் எல்லாம் குழாய்க்குள் திரும்பி வரும்போது மூச்சு முட்டும். பி.சி.வி. இறங்குகிறது, ஆனால் ஆள் சரியாகவில்லை என்றால் உள்ளே எங்கோ இரத்தம் போகிறது என்று யோசியுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து பிளேட்லெட் ஏற்றச் சொல்லி உறவினர் கேட்பார்கள். எண்ணுக்காக மட்டும் ஏற்றுவதில்லை என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டும். சிவப்பு, கபில நிறப் பானம் கொடுக்க வேண்டாம் என்று தாதி மிஸ் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும், அதுதான் காரணம்.

பப்பாசி இலைச் சாற்றைப் போத்தலில் கொண்டு வருவார்கள். ஏசாதீர்கள். ஏசினால் நாளைக்கு ஒளித்துக் கொடுப்பார்கள், உங்களுக்குக் கணக்குத் தெரியாமல் போகும். எவ்வளவு குடித்தார், சத்தி வந்ததா என்று கேட்டு எழுதிவிட்டு, இதை நம்பி இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் இருந்தபோது பார்மசியில் என்ன குளிசை வாங்கிக் குடித்தார் என்று கேட்பது. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், மெஃபனாமிக் அசிட் எல்லாம் உடம்பு உளைவுக்கு என்று கேட்டதும் கிடைக்கிற ஊர் இது. டெங்குவில் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். பெயர் தெரியாது என்பார்கள். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், பேர்ஸுக்குள் இருக்கும்.

சரி, நாளைப் பற்றி இவ்வளவு. இனி ஊரும் வேலையும்.

கொழும்பு வார்டில் படுத்திருப்பவர் கொழும்பு ஆளாக இருக்க வேண்டும் என்று இல்லை. கொலன்னாவையில் களனி ஆறு பெருகியபோது முழங்கால் வெள்ளத்தில் நடந்து சாமான் தூக்கியவர், கால்வாய் துப்புரவு செய்யும் மாநகர சபைத் தொழிலாளி, இரத்தினபுரியில் மாணிக்கச் சுரங்கத்தில் இறங்கியவர், வயல் விதைப்புக்கு ஊருக்குப் போய்வந்த காவலாளி, இவர்கள் யாருக்கும் காய்ச்சல் வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல். கெண்டைக்காலை அமுக்கிப் பாருங்கள், ஆள் துள்ளுவார். கண் சிவந்திருக்கும், பீளை இருக்காது. சிறுநீர் குறைகிறதா என்று கேளுங்கள். சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் ஏறும் என்று படித்திருப்பீர்கள், எலிக்காய்ச்சலில் அது இறங்கியும் இருக்கலாம். மஞ்சள் பூக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இரத்தப் பரிசோதனை பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போய்த் திரும்பும்வரையும் காத்திருக்க முடியாது. முதல் கிழமையில் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் போதிய அளவு ஏறியிருக்கவும் மாட்டாது. சந்தேகம் வந்த உடனே பெனிசிலினோ செஃப்ட்ரையாக்ஸோனோ தொடங்க வேண்டும். 2008இல் இந்த நோய் 7,000 பேரைத் தாண்டிப் பதிவானது. 2024 டிசம்பரில் உங்கள் பெற்றோரின் யாழ்ப்பாணத்திலேயே வெள்ளத்துக்குப் பிறகு பரவி உயிர்களைக் கொண்டுபோனது. கிழமைக்கு ஒரு முறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் எடுத்தால் தடுக்கக்கூடிய நோய். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வயலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அதனால்தான் நோயாளியிடம் வேலையைக் கேட்கும்போது "என்ன தொழில்?" என்று ஒற்றைக் கேள்வியோடு நிறுத்த வேண்டாம். கடந்த மூன்று கிழமையில் எந்தத் தண்ணீரில் கால் வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

டைபஸ் இன்னும் ஒளிந்து விளையாடும். வன்னியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, ஒரு கிழமைக் காய்ச்சலோடு எங்கள் வார்டுக்கு வந்தார். டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வந்த அன்று பின்னேரம் உடம்பு துடைத்துவிட்ட மிஸ் என்னைக் கூப்பிட்டா. மார்புக்குக் கீழே மடிப்பில், ஒரு சதக்காசைவிடச் சிறிய கறுப்புப் பொருக்கு, சுற்றிவர சிவந்த விளிம்பு. நோவு இல்லை, அரிப்பு இல்லை. அந்த அம்மாவுக்கே அது இருப்பது தெரியாது. புல் பற்றைக்குள் இருக்கும் உண்ணிக் குஞ்சு கடித்த இடம் அது. டொக்சிசைக்ளின் தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, மூன்றாம் நாள் மகளிடம் சோறு கேட்டார். இந்தப் பொருக்கு அக்குள், இடுப்பு நாடா கட்டும் இடம், தொடை மடிப்பு, தலைமயிருக்குள் என்று யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து இருக்கும். திரை இழுத்து, அனுமதி கேட்டு, முழு உடம்பையும் பார்க்காமல் காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதாதீர்கள். பெண் நோயாளிகள் ஆண் டொக்டரிடம் காட்டக் கூச்சப்படுவார்கள். அந்த இடத்தில் நீங்கள் வார்டுக்கு மிகவும் தேவைப்படுவீர்கள். மலைநாட்டில் வரும் டைபஸ் வேறு வகை, அதில் புள்ளிகள் உள்ளங்கையிலும் பாதத்திலும்கூட வரும். மருந்து அதே டொக்சிசைக்ளின்தான்.

மெலியொய்டோசிஸ் என்று ஒன்று இருக்கிறது. லண்டனில் பரீட்சைக்கு ஒரு வரி படித்திருப்பீர்கள். இலங்கையில் முதல் நோயாளி 1927இலேயே பதிவானார். பிறகு நெடுங்காலம் ஏதோ தொலைதூர நாட்டு நோய் என்றே இருந்துவிட்டோம். ஆய்வுக்கூடங்கள் தேடத் தொடங்கியதும் நாட்டின் பல பக்கங்களிலும் அது கிடைத்தது. மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் கிருமி. மழைக்காலம், நீரிழிவு, ஆறாத நியூமோனியா அல்லது ஈரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள், இந்த மூன்றும் சேர்ந்தால் ஆய்வுக்கூடத்துக்கு நீங்களே போய் நுண்ணுயிரியல் டொக்டரிடம் வாயால் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஏதோ சாதாரணச் சூடோமோனாஸ் கிருமி என்று எறியப்படக்கூடும். மெரோபெனமோ செஃப்டசிடைமோ கொடுத்த பிறகு மூன்று மாதமாவது கோட்ரைமொக்சசோல் குடிக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் ஆட்கள் குளிசையை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பி வரும். பக்கத்தில் இருந்து பல தடவை சொல்லி அனுப்ப ஒரு டொக்டருக்கு நேரம் இருந்தால் அது பெரிய காரியம். உங்களுக்கு இருக்கிறது.

மலேரியாவை இங்கே பார்க்க மாட்டேனா என்று கேட்பீர்கள். ஊர் மலேரியா இல்லை. 1934–35இல் சுமார் 80,000 பேரைக் கொன்ற நோய் இது. 1963இல் முழு நாட்டிலும் 17 பேருக்கு மட்டும் என்று இறங்கியது. எல்லாம் முடிந்தது என்று கையை எடுத்தோம். அறுபதுகளின் கடைசியில் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி ஒரு தலைமுறைக்கு மேல் உழைத்து, ஊரிலேயே பரவிய மலேரியாவின் கடைசி நோயாளி 2012 அக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. இப்போது வருவது கிட்டத்தட்ட எல்லாமே விமானத்தில் வருகிறது: இந்தியாவுக்கு யாத்திரை போனவர், மடகாஸ்கரில் கல் வியாபாரம் செய்பவர், ஆபிரிக்காவில் ஐ.நா. படையில் இருந்து திரும்பியவர். இளைய டொக்டர்கள் பலர் மலேரியாவைக் கண்ணால் கண்டதில்லை, அதனால் கேட்க மறக்கிறார்கள். நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர், பயணம் பற்றிக் கேட்பது உங்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்த வார்டுக்குக் கொடுங்கள். நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடை இயக்கத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அனுமதி வாங்கிப் போய், இரத்தத்தின் தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் கண்ணாடித் தட்டில் பார்க்கப் பழகுங்கள். கின்சி வீதியில் கொழும்பு மருத்துவ பீடத்து ஒட்டுண்ணியியல் துறையும் கேட்டால் கதவைத் திறக்கும்.

அங்கே லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைப் பற்றியும் கேளுங்கள். இந்தியாவில் மண்ணீரலை வீங்க வைத்து ஆளை முடிக்கும் அதே லீஷ்மேனியா டொனொவனி, இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. முகத்திலோ கையிலோ ஒரு சின்னப் பரு, நோவாது, அரிக்காது, மாதக்கணக்கில் ஆறாது. அநுராதபுரம், பொலநறுவை, அம்பாந்தோட்டை என்று ஊர்ப் பெயர் கேட்டதும் மனதில் மணி அடிக்க வேண்டும். தோல் கிளினிக்கில் ஒரு காலைப் பொழுது நின்றாலே ஒரு சிலரைப் பார்க்கக்கூடும்.

பாம்புக்கடிக்கு கொழும்பு நல்ல பள்ளிக்கூடம் அல்ல. லீவு எடுக்கும்போது அநுராதபுரம் அல்லது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இரண்டு கிழமை நிற்கக் கேட்டுப் பாருங்கள். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியக்காலை வயிற்றுநோவு என்று வருவார், இமை கீழே விழுந்துகொண்டிருக்கும், கடித்த அடையாளம்கூடத் தெரியாது. அது கட்டு விரியன். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாது, இங்குள்ள கண்ணாடி விரியன் நரம்பையும் பிடிக்கும். கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்க்கும் சோதனையை அங்கே உங்கள் கையால் செய்யுங்கள். தோட்டம் துப்புரவு செய்யும்போது கடிக்கும் மூக்கு நிமிர்ந்த சின்னக் குழிவிரியன், சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா, அதற்கு நம்மிடம் இருக்கும் இந்திய நஞ்சு முறி மருந்து வேலை செய்யாது. வீணாகக் கொடுத்தால் ஒவ்வாமையில் ஆள் விழுவார். ஆகவே, பையில் செத்த பாம்பைக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் பாருங்கள், ஆனால் கையால் தொடாதீர்கள்.

மொழிக்கு வருகிறேன். சிங்களத்தில் காய்ச்சல், நோவு, எத்தனை நாள், சிறுநீர் போனதா, தண்ணீர் குடித்தீர்களா என்ற அளவுக்காவது மிஸ்மாரிடம் கேட்டுப் பழகுங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். பிழையாகச் சொன்னாலும் நோயாளிகள் முகம் மலர்வார்கள். உங்கள் தமிழைக் குறைத்து நினைக்காதீர்கள். தோட்டத்திலிருந்து வந்த மலையகத்துத் தாய், கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர், கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிக் கதைப்பார்கள். எல்லாம் விளங்காது, மறுபடி கேளுங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர், சிங்களம் மட்டும் நடக்கும் வார்டில் இரவு முழுக்க வாய் திறக்காமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காய்ச்சல் தொடங்கிய நாளைப் பொங்கலுக்கு முன்னா பிறகா என்று சேர்ந்து எண்ணிச் சரிபார்ப்பது மருத்துவம்தான். அந்த ஒரு நாள் பிசகினால் கசிவு நேரக் கணக்கு முழுதும் பிசகும்.

நோயாளிகளைப் பயன்படுத்துகிறேனோ என்ற உங்கள் உறுத்தலுக்கும் இதுதான் என் பதில். பார்த்துவிட்டுப் போகிறவராக இருந்தால் உறுத்த வேண்டியதுதான். மணிக்கு மணி சிறுநீர் அளந்து சார்ட்டில் எழுதுகிறவர், ஸ்கேனுக்குத் தள்ளுவண்டியோடு கூடப் போகிறவர், உறவினருக்கு நிலைமையைச் சொல்லி விளங்கப்படுத்துகிறவர் அந்த வார்டின் ஆள். யாரையும் கேட்காமல் போனில் படம் எடுக்காதீர்கள், முகம் தெரியாவிட்டாலும். கேட்டால் பெரும்பாலானவர் மாட்டேன் என்று சொல்லவே கூச்சப்படுவார்கள், அதனால் இரண்டு தடவை கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள். உங்கள் மருத்துவப் பதிவு எந்த அளவுக்கு அனுமதிக்கிறதோ அந்த அளவுக்குள் வேலை செய்யுங்கள். ஆள் போதாத இரவில் "நீங்களே செய்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னாலும், மேற்பார்வை இல்லாமல் செய்யக் கூடாததைச் செய்யாதீர்கள். லண்டனில் செய்யாததை இங்கே ஏழையின் உடம்பில் செய்யக்கூடாது.

இன்னொரு வேலையும் உங்களுக்கு ஏற்றது. டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவற்றைச் சந்தேகம் வந்த உடனேயே எச் 544 படிவத்தில் அறிவிக்க வேண்டும். உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்தக் காகிதம் போனால்தான் பரிசோதகர் அந்த வீட்டு முற்றத்துக்குப் போய்ப் பூச்சட்டித் தட்டையும் கூரைப் பீலியையும் பார்ப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வராமல் தடுப்பார். நெருக்கடி நாளில் இதுதான் முதலில் விடுபடும். நீங்கள் பொறுப்பெடுங்கள். முடிந்தால் ஒரு நாள் அந்தப் பரிசோதகரோடு வீதியில் நடந்து பாருங்கள். தொற்றுநோயியல் பிரிவு ஒவ்வொரு கிழமையும் வெளியிடும் அறிக்கையையும் படித்து வாருங்கள். எந்த மாவட்டத்தில் எது ஏறுகிறது என்று தெரிந்தால், அந்த ஊர் ஆள் வார்டுக்கு வரும்போது பாதிக் கேள்வி ஏற்கெனவே கேட்டாயிற்று.

டிப்ளோமாவைப் பிறகு செய்யுங்கள். லிவர்பூலிலும் லண்டனிலும் அது சுமார் மூன்று மாதப் படிப்பு, நல்ல படிப்பு. 1898இலும் 1899இலும் அந்தப் பள்ளிகள் தொடங்கியபோது அவர்களுக்கு வேண்டிய அறிவு இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் இங்கிருந்தும்தான் போனது. 1905இல் இத்தாலிய டொக்டர் கஸ்டெல்லானி யாஸ் என்ற தோல் நோயின் கிருமியைக் கண்டது கொழும்பில், நம்முடைய நோயாளிகளின் புண்ணில். நீங்கள் மூலத்தில் நிற்கிறீர்கள். ஒரு வருடம் இங்கே பார்த்த முகங்களோடு அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு விரிவுரையும் ஒட்டும். இங்கே இருக்கும்போதே விஜேராம மாவத்தையில் இலங்கை மருத்துவ சங்கத்துக் கூட்டங்களுக்குப் போங்கள். சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887 முதல் வருகிறது, நான் மேலே சொன்ன நோய்கள் பலவற்றின் கதை அதன் பழைய இதழ்களில் இருக்கிறது.

அம்மாவின் கவலை நியாயமானது. "கடிக்கவே கடிக்காது" என்று சமாதானம் சொல்ல வேண்டாம், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், காலையிலும் பின்னேரமும் அதிகம், ஆகவே இரவு வலை மட்டும் போதாது. வார்டுக்குப் போகும்போதே காலிலும் கையிலும் மருந்து பூசுங்கள். வாடகை அறையின் ஏசி தண்ணீர் விழும் வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு இரண்டையும் கிழமைக்கு ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள். ஈரல் அழற்சி ஏ, டைஃபொயிட் தடுப்பூசிகள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். தெரு நாய் கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவி, அன்றைக்கே விசர்நாய்க்கடி ஊசிக்குப் போங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். வெள்ளத்தில் இறங்க நேர்ந்தால் டொக்சிசைக்ளின் பற்றி உங்கள் கொன்சல்டன்டிடம் கேளுங்கள்.

உங்களுக்கே காய்ச்சல் வந்தால் பரசிட்டமோலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். லண்டனிலிருந்து கொண்டுவந்த இபுபுரோஃபென் பெட்டியை இன்றைக்கே யாருக்கும் கொடுக்காமல் அப்புறப்படுத்துங்கள். டொக்டர் என்றபடியால் தாங்களே சமாளிக்கலாம் என்று அறையில் தனியே படுத்திருப்பதுதான் நம்மவர் எல்லோரும் விடும் பிழை. வார்டுக்குச் சொல்லுங்கள், மூன்றாம் நாள் இரத்தம் பார்க்கக் கொடுங்கள், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் யாரும் இருந்தால் அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் தங்குங்கள். எத்தனை மில்லிலீற்றர் குடித்தீர்கள், எத்தனை தடவை சிறுநீர் போனது என்று எழுதி வையுங்கள். அதை அம்மாவுக்கும் அனுப்புங்கள். எண்ணோடு பதில் வந்தால் அவவும் கொஞ்சம் நித்திரை கொள்வா.